கசடோடு போன செம்பு

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இதை எழுதும் மேசையில் எனக்கு இடப்பக்கம் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. அரைச் செங்கல் அளவு. உடைந்த பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். நடுவில் ஒரு குழி, குழிக்குள் பட்டாணி அளவில் மஞ்சளாக ஒரு மணி. அந்தக் கல்லின்மேல் கையை வைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன். வலது கை எழுதிக்கொண்டிருப்பதால் இடது கை. இடது கைச் சத்தியம் செல்லாது என்பவர்கள் வந்து எனக்காக எழுதிக் கொடுக்கட்டும், வலது கையை வைக்கிறேன்.

நான் செம்பு உருக்கும் ஆலையில் கிரேன் ஓட்டினவன். உலைக்கூடத்தின் கூரைக்குச் சற்றுக் கீழே தண்டவாளத்தில் ஓடும் ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்தால் கீழே நடப்பதெல்லாம் தெரியும், யாருடைய வழுக்கை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பது உள்பட. காலையில் சட்டைப் பையில் ஒரு பச்சை முட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினால் மதியச் சங்கு ஊதும்போது அது வெந்திருக்கும். ஒரே ஒரு தரம் வேகாமல் குஞ்சு பொரித்துவிட்டது. அன்றைக்கு உலையில் சூடு குறைவு.

ஆலையைச் சுற்றிக் கந்தகப் புகை. எங்கள் தெருப் பல்லிகள் இருமும். புதிதாகக் குடிவந்தவர்கள் திருடன் வந்துவிட்டான் என்று எழுந்து விளக்குப் போடுவார்கள். என் மூக்கு வாசனை பிடிப்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. கண்ணாடி மாட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டுமே என்று வைத்திருக்கிறேன். 'உங்க ஆலையில பித்தளைக் குழாய் கிடைக்குமா' என்று கேட்டுக்கொண்டு வரும் சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லியே வாயும் தேய்ந்துவிட்டது. செம்பு மட்டும்தான். பித்தளைக்குத் துத்தநாகம் வேண்டும். அது எங்கள் தாதுவில் பெயருக்குக்கூடக் கிடையாது.

இந்தக் கதைக்கு ஆலையைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். தாதுவையும் மணலையும் உலையில் போட்டு உருக்கினால் இரண்டு பாகு உண்டாகும். மேலே கசடு, கீழே செம்பு. ஆனால் உடனே பிரியாது. செம்பு துளித்துளியாகக் கசடுக்குள் தொங்கிக்கொண்டிருக்கும். பொறுத்திருந்தால் ஒவ்வொன்றாக அடியில் இறங்கும். பொறுக்காமல் கசடைத் திறந்துவிட்டால், இறங்காத செம்பெல்லாம் கசடோடு வெளியே போய்விடும். கந்தகம் சேர்ந்திருப்பதால் பார்க்கச் சிவப்பாகவும் இருக்காது. உறைந்தபின் உடைத்தால் மஞ்சளாக மினுங்கும்.

கசடைத் திறக்கிறவன் என் எதிர்வீட்டுக்காரன். அவனுக்குப் பெயர் பொறுமை. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளம் வாங்குவதற்கு மட்டும். உலையின் பக்கவாட்டில் களிமண்ணால் அடைத்த ஒரு வாய் உண்டு. அதை நீளக் கடப்பாரையால் குத்தித் திறந்தால் கசடு சிவந்த ஓடையாக வாய்க்காலில் இறங்கும். திறப்பதற்கு முன்னால் பொறுமை ஒரு டீ வாங்குவான். ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவான். குடிப்பான். அவன் டீ குடிப்பதைப் பார்த்தால் டீக்கே அலுத்துப்போகும். கடைசிச் சொட்டையும் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்புறம்தான் கடப்பாரையைத் தொடுவான். அதற்குள் உள்ளே இறங்கவேண்டியதெல்லாம் இறங்கியிருக்கும். அதற்காக அவன் டீ குடிக்கவில்லை. அவனுக்கு டீ பிடிக்கும், அவ்வளவுதான்.

புது மேனேஜர் வந்தார். உலைக்கூடத்தில் தின்பதும் குடிப்பதும் கூடாது என்று பலகை மாட்டினார். டீக்காரன் வாசலோடு நின்றுவிட்டான். டீ இல்லாமல் வாளியில் உட்கார்ந்திருந்தால் மேஸ்திரி முறைக்கிறார். ஆகவே பொறுமை வாளியை நிமிர்த்தி வைத்துவிட்டு உடனுக்குடன் குத்தித் திறக்க ஆரம்பித்தான். வேலை வேகமாக நடந்தது. மேனேஜர் உலைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலம் வந்தபோது ஆலையில் ஒரு பேச்சுக் கிளம்பியது. உள்ளே போகிற தாதுவில் இருக்கிற செம்பு, வெளியே வருகிற செம்பில் இல்லை. கொஞ்சநஞ்சமில்லை, லாரிக்கணக்கில். புகையோடு போயிருக்குமா என்று பார்த்தார்கள், இல்லை. கசடில் போயிருக்குமா என்று பார்த்தார்கள். தினம் கரண்டியில் அள்ளி லேபுக்கு அனுப்புகிற கசடு சுத்தமாகத்தான் இருந்தது. அப்படியானால் திருட்டு. திருடன் யார் என்று தேடினார்கள். பொறுமையின் மச்சான், அதாவது அவன் மனைவியின் தம்பி, காயலான் கடையில் லாரி ஓட்டுகிறவன். தேடல் அதோடு முடிந்துவிட்டது.

பொறுமையை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவன் மச்சானைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. வீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கிடைக்காததால், கிடைக்காததே சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கு மேல் ஒன்று நடந்தது. பொறுமையின் இடத்தில் புதிதாக ஒருவனைப் போட்டார்கள். பயந்தவன். கடப்பாரையைத் தூக்குவான், உலையைப் பார்ப்பான், கீழே வைப்பான், முகத்தைத் துடைப்பான், திரும்பத் தூக்குவான். அவன் தைரியம் வந்து திறப்பதற்குள் செம்பெல்லாம் அடியில் இறங்கிவிடும். குறைந்திருந்த செம்பு சரியாகிவிட்டது.

"பாத்தீங்களா, ஆளை மாத்துனதும் திருட்டு நின்னுபோச்சு" என்றார் மேனேஜர். நான் கூண்டுக்குள் இருந்ததால் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் வேலை முடிந்து எதிர்வீட்டுக்குப் போனேன். தெருவில் வேறு யாரும் அந்த வீட்டுப் பக்கம் போவதில்லை. பால்காரன்கூடப் பாலை அடுத்த வீட்டில் வைத்துவிட்டு ஓடிவிடுகிறான். ஒரு கூடம், ஒரு சமையலறை, பின்னால் ஒரு சின்ன அறை. கூடத்தில் பொறுமை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்திருந்தான். பின்னறைக் கட்டிலில் அவன் அம்மா. பக்கத்தில் அவளுடைய பித்தளைக் குடம். அதில் ஊற்றிவைத்த தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அந்தக் கிழவிக்குத் தொண்டையில் இறங்காது.

"தம்பி, நீயாவது போயி எடுத்துச் சொல்லேன்" என்றாள் என்னிடம். "இவன் சின்னப் பையனா இருக்கறப்ப கொய்யாக்கா திருடப் போனான். காய் தானா விழட்டும்னு மரத்தடியில உக்காந்திருந்துட்டு, பொழுது சாஞ்சதும் வெறுங்கையோட வந்தான். இவனா லாரி லாரியா செம்பு திருடுவான்?"

"அத்தை, அதைப் போயி விசாரணையில சொல்லிராதீங்க" என்று சமையலறையிலிருந்து மருமகள் குரல் வந்தது. "சின்ன வயசுலேர்ந்தே திருடப் போறவன்னு எழுதிக்குவாங்க."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைகிற அளவுக்கு அதில் அரிசி இல்லை. தண்ணீரைத்தான் களைந்தாள் என்று சொல்லவேண்டும்.

"ஸ்டேஷனுக்குப் போனியாம்மா?"

"போனேண்ணே." கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். "தம்பிக்கு வெரலை மடக்க முடியல. நான்தான் ஊட்டிவிட்டேன். அதைப் பாத்து அங்க இருக்கறவங்க சிரிக்கிறாங்க. 'மாமன் எங்க வெச்சிருக்கான்னு சொல்லிட்டா நீயே சாப்பிடலாம்டா'ங்கறாங்க. அவன் என்னைப் பாத்து, 'அக்கா, எங்கயாவது வெச்சிருந்தா சொல்லிருக்கா, எனக்கு இதுக்கு மேல தாங்காது'ங்கறான். என் கூடப் பொறந்தவனே கேக்குறாண்ணே."

பொறுமை திரும்பவில்லை.

"திங்கக்கிழமை கேஸ் எழுதிருவாங்களாம்" என்றாள். "எழுதிட்டா இவரும் உள்ள, அவனும் உள்ள. வீட்டைக் காலி பண்ணச் சொல்லி இப்பவே ஆள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போயிட்டான். அத்தையைத் தூக்கிட்டு நான் எங்க போவேன்? திங்கக்கிழமைக்குள்ள அந்தச் செம்பு எங்க போச்சுன்னு காட்டணும்."

"கசடுல போயிருக்கும்" என்றான் பொறுமை, சுவரைப் பார்த்தபடி.

"எதுல போச்சோ அதைக் கொண்டாந்து காட்டுங்க. படுத்துட்டுச் சொன்னா?"

அவள் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை கசடு மலைக்குப் போனாள். ஒரு காலத்தில் அந்த மலை எங்கள் தெருவுக்குப் பொழுது சாய்வதற்கு முன்பே பொழுதைச் சாய்த்துவிடும். அவ்வளவு உயரம். இப்போது கசடைச் சூட்டோடு தண்ணீரில் கொட்டி மணலாக்கி, கப்பல் துரு சுரண்டுவதற்கு என்று லாரியில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். மலை இருந்த இடத்தில் ஒரு காவல்காரன் மட்டும் இருந்தான். மலையைக் காப்பதற்குப் போட்டவன். மலை போனதை யாரும் அவனுக்கு எழுதிக் கொடுக்காததால் காத்துக்கொண்டிருந்தான். அவள் மடி நிறையக் கறுப்பு மணலை அள்ளிக்கொண்டு வந்தாள். உள்ளங்கை இரண்டும் பொடிக்கண்ணாடியில் கிழிந்திருந்தன. முறத்தில் போட்டுப் புடைத்தாள், தண்ணீரில் அலசினாள், வெயிலில் பரப்பினாள். அது போன வாரத்து மணல். பயந்தவன் பொறுத்துப் பொறுத்துத் திறந்த கசடு. அதில் எதுவும் மினுங்கவில்லை.

அங்கிருந்து நேராக லேபுக்குப் போனாள். லேப் அம்மா கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. வாசலிலேயே நிற்கவைத்துப் பேசினார்.

"எனக்குக் குடுத்த கரண்டியில செம்பு இல்லம்மா. இல்லாததை இருக்குன்னு எழுதச் சொல்றியா?"

"கரண்டியில அள்ளுறது மொதல்ல வர்ற கசடு மேடம். மேலாக இருக்கறது. செம்பு இருந்தா கடைசியில வர்றதுல இருக்கும்னு அவரு சொல்றாரு."

"இருக்கலாம். ஆனா குடுக்காத கரண்டியப் பத்தி நான் எப்படிச் சொல்றது? நீ கொண்டாந்து குடு, சோதிச்சுப் பாத்துச் சொல்றேன். செம்பு இருந்தா இருக்குன்னுதான் எழுதுவேன். எவன் வந்து மிரட்டினாலும்."

"கொண்டாந்தா எழுதுவீங்களா?"

"எழுதுவேன்."

அவள் அந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அன்று மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மழையில் குடை பிடித்தால் வீடு வருவதற்குள் கம்பி மட்டும்தான் மிஞ்சும், அவ்வளவு அமிலம். அவர்கள் வீட்டு ஓட்டுக்கடியில் நான் ஒதுங்கி நின்றேன். அவள் பின்னறை வாசலில் நின்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க" என்றாள். "இந்தச் சுவரு எதுல கட்டுனது?"

பொறுமை எழுந்து உட்கார்ந்தான்.

போன மழையில் அந்த அறையின் பின்சுவர் விழுந்துவிட்டது. செங்கல் வாங்க வழியில்லை. கசடைக் கல்லாக வார்த்து எடுத்துக்கொள்ள ஆலையில் அனுமதி உண்டு. தினமும் வேலை முடியும்போது, வாய்க்காலில் கடைசியாக வருகிற கசடை அச்சில் பிடித்து, ஆறவைத்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து பொறுமையே கட்டிய சுவர் அது. டீ நின்றுபோன அதே வருஷத்துக் கசடு. கடைசியாக வருவது, செம்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

"அட" என்றேன் நான்.

"அத்தை, கொஞ்சம் எந்திரிச்சு கூடத்துக்கு வாங்க" என்றாள் அவள்.

"மழை பெய்யுதுடி. சுவத்தை உடைச்சா நான் எங்க படுக்கறது?"

"உங்க மகன் வெளிய இருந்தா எங்க வேணா படுக்கலாம் அத்தை."

கிழவி எழுந்துகொண்டாள். பொறுமை கடப்பாரையை எடுத்தான். உலைக் கடப்பாரை இல்லை, வீட்டுக் கடப்பாரை. மேல்வரிசையில் ஒரு கல்லைப் பெயர்த்தான். தரையில் வைத்து உடைத்தான். நாலு தலைகளும் குனிந்து பார்த்தன. கன்னங்கரேல் என்று கண்ணாடி. மேலிருந்து நடுவரை காற்று புகுந்த ஓட்டைகள், வேப்பங்கொட்டை போகிற அளவுக்கு. அவற்றுக்குள் ஒன்றும் இல்லை. இன்னொன்று உடைத்தான். அதிலும் இல்லை. மூன்றாவதில் கடுகில் பாதி அளவுக்கு ஏதோ மினுங்கின மாதிரி இருந்தது. துடைத்துப் பார்த்தால் மழைத்துளி.

நாலாவது கல்லை அவன் உடைக்கவில்லை. கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தான். சுவரின் மேல் ஓட்டை வழியாகச் சாரல் அவன் முதுகில் விழுந்தது.

"கல்லுலயும் இல்ல" என்றான். "அப்ப எங்கதான் போச்சு?" என்னை நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, ஒருவேளை நான்தான் எடுத்துட்டேனோ?"

"என்னடா பேசுற?"

"எல்லாரும் சொல்றாங்களே. இத்தனை பேருக்குத் தெரியுது, எனக்கு மட்டும் தெரியலன்னா, எனக்குத்தான் மறந்துபோச்சோ என்னமோ."

கிழவி மெல்ல நகர்ந்து போய் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்தாள். காற்று வாங்குகிறேன் என்றாள். மழைச்சாரலில் யாரும் காற்று வாங்கமாட்டார்கள். மகன் எழுந்து உலைக்கூடத்துப் பக்கம் நடந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்தாள். அவள் புருஷன் ஒரு நாள் அப்படி நடந்து போய்த் திரும்பாதவன்தான். அன்று நான் வீட்டுக்குப் போகும்வரை அந்த வாசற்படியை அவள் விடவில்லை.

அடுத்த நாளிலிருந்து ஓர் ஏற்பாடு நடந்தது. தம்பிக்குச் சாப்பாடு கொண்டுபோகிற வேலையை மருமகள் தன் புருஷனிடம் கொடுத்தாள். "நீங்க போயி ஊட்டிவிட்டு, அவன்கூடக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வாங்க. நீங்க பக்கத்துல இருந்தா அடிக்கமாட்டாங்க" என்றாள். அவன் பக்கத்தில் இருந்தால் அவனையும் சேர்த்து அடிப்பார்களே என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்கும். கிழவியை மூட்டுவலிக்கு என்று அவனோடேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். வீட்டில் அவள் மட்டும். கதவு சாத்தியிருந்தது. மத்தியானம் முழுக்க உள்ளேயிருந்து டொக் டொக் என்று சத்தம். நடுவில் கொஞ்ச நேரம் அரம் போட்டு ராவுகிற மாதிரி ஒரு கரகரப்பு.

கதவைத் தட்டினேன்.

"மொளகா இடிக்கிறேண்ணே" என்றாள், பாதிக் கதவைத் திறந்து.

சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டில் இவ்வளவு மிளகாயா என்று கேட்டிருக்கலாம். நெடி வந்ததா இல்லையா என்று சொல்ல என் மூக்கு சரியில்லை. அவள் விரல்களில் கறுப்பு படிந்திருந்தது, நகக்கண்ணில் கொஞ்சம் மஞ்சள். மஞ்சளும் இடித்திருப்பாள்.

திரும்பி வந்த கிழவி தண்ணீர் கேட்டாள். தம்ளரில் கொடுத்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் குடம் எங்கடி?"

"வித்துட்டேன் அத்தை. அரிசி வாங்கணும்ல."

"வித்துட்டியா! கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அதுல குடிக்கறேன்டி."

"உங்க மகன் வேலைக்குப் போகட்டும் அத்தை. புதுசு வாங்கித் தரேன்."

கிழவி அன்று முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. மறுநாள் காலையில் தாகம் தாங்காமல் தம்ளரில் குடித்துவிட்டு, குடித்ததற்காக அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை போட்ட விசாரணை அதிகாரி வந்தார். மருமகள் போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து, எழுந்திருக்க மாட்டேன் என்று சொல்லி வரவழைத்தது. கூட லேப் அம்மாவும். தெரு முழுக்க அவரவர் ஜன்னலில் நின்றது. எனக்கு ஜன்னல் போதாது என்பதால் உள்ளேயே போய் நின்றுகொண்டேன்.

அதிகாரி ஒல்லியான ஆள். யாரையும் நம்பாததால் உடம்பு வைக்கவில்லை என்று நினைக்கிறேன். பின்னறைச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். மேலே மூன்று கல் போன இடத்தில் கோணி தொங்கியது. நடுச்சுவரில் ஒரு பழைய காலண்டர் மாட்டியிருந்தது. முந்தின வாரம் அங்கே காலண்டர் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

"இதுல செம்பு இருக்குங்கறியா?"

"இருக்கும் சார். நீங்களே ஒரு கல்லைக் காட்டுங்க. உடைச்சுப் பாப்போம். கதவோரத்துல இருக்கறது லேசா வந்துரும் சார், அதை எடுக்கட்டுமா?"

"நீ சொல்ற கல்லை நான் ஏன் எடுக்கணும்?"

"சரி சார், கீழ் வரிசையில..."

"இரு." அதிகாரியின் கண் காலண்டரில் நின்றது. "அதுக்குப் பின்னாடி என்ன?"

"ஒண்ணுமில்ல சார். சுவருதான்."

"அப்புறம் எதுக்கு மறைச்சு வெச்சிருக்க?"

"அது மட்டும் வேணாம் சார். எங்க அத்தை தலைமாடு. அதை எடுத்தா மழை நேரா மூஞ்சியில அடிக்கும்." அவள் குரல் நடுங்கியது. அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

"அதைத்தான் எடுக்கணும்" என்றார் அதிகாரி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், 'என்கிட்டயேவா' என்பதுபோல. நானும் தலையாட்டினேன்.

பொறுமை காலண்டரைக் கழற்றினான். கல்லைப் பெயர்த்தான். இதிலும் இல்லை என்றால் இனி உடைக்க அவனிடம் எதுவுமில்லை. தரையில் வைத்தான். கடப்பாரையை ஓங்கி ஒரே குத்து.

கல் இரண்டாகப் பிளந்தது. ஓட்டைகள் முழுக்க மஞ்சளாக மினுங்கின. கறுப்புக்குள் பொடிப்பொடியாக, மணிமணியாக. ஜன்னல்களில் நின்ற தெரு 'ஹா' என்றது. பொறுமை மண்டியிட்டு அதைத் தொட்டுப் பார்த்தான். தொலைந்துபோன பிள்ளையின் முகத்தைத் தடவுகிற மாதிரித் தடவினான்.

"போச்சுன்னேன்ல" என்றான். "கசடுலதான் போச்சுன்னேன்ல."

அதிகாரி பிளந்த கல்லையே வெகுநேரம் பார்த்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

"ஆக, செம்பு உன் வீட்டுலதான் இருந்திருக்கு."

பொறுமை கைகளை நீட்டினான், விலங்கு மாட்டிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. அவன் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"ஆமா சார். எங்க வீட்டுலதான் இருக்கு. நீங்க அனுமதி குடுத்து, நீங்க வேணாம்னு கொட்டுன கசடுல, சுவரா நிக்குது. இந்த ஒரு சுவத்துல இவ்வளவு போயிருக்குன்னா, துரு சுரண்டப் போன லாரியில எவ்வளவு போயிருக்கும்? அந்த லாரியை எல்லாம் என் தம்பியா ஓட்டுனான்? எந்தத் திருடனாவது கண்ணாடிக்குள்ள பொடிப்பொடியா திருடுவானா சார்?"

லேப் அம்மா குனிந்து ஒரு பாதியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். "கொண்டாந்து குடுத்தா எழுதுறேன்னு சொல்லிருக்கேன்" என்றார் அதிகாரியிடம்.

சோதனையை நான் கண்ணால் பார்த்தேன். கல்லை இடித்து, சலித்து, அமிலத்தில் கரைத்து, வடித்து, எதையோ சொட்டினார். நீலம் பொங்கி வந்தது. எங்கள் ஊரில் வானம்கூட அப்படி நீலமாக இருந்து நான் பார்த்ததில்லை. செம்பு இருந்தால்தான் அந்த நீலம் வரும். அவர் தேடியது செம்பை. அது இருந்தது. இருக்கிறது என்று எழுதினார்.

திங்கட்கிழமை கேஸ் எழுதவில்லை. ஆபீஸில் அதிகாரி பொறுமையிடம் கடைசியாக ஒன்று கேட்டார். சாட்சிக்கு என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இத்தனை வருஷம் பொறுத்துத் திறந்தவன், ஏன் திடீர்னு அவசரப்பட்ட?"

"டீ இல்ல சார்."

"என்னது?"

"டீயை நிறுத்திட்டாங்க சார்."

"டீ இல்லன்னா என்ன? சும்மா உக்காந்து காத்திருக்கறது?"

"சும்மா உக்கார ஒரு காரணம் வேணும்ல சார்" என்றான்.

அடுத்த வாரமே மேனேஜர் பலகையைக் கழற்றினார். கழற்றியதோடு விடவில்லை. உலைக்கூடத்தில் ஒவ்வொருவரும் டீ குடித்தே ஆகவேண்டும், குடிக்காதவர்மேல் நடவடிக்கை எடுக்கப்படும் என்று இன்னொரு பலகை மாட்டினார். எனக்குக் கிரேன் கூண்டுக்கு டீயைக் கயிற்றில் கட்டி ஏற்றினார்கள். பாதி வழியில் அது மறுபடி கொதித்துவிடும்.

வேலை திரும்பக் கிடைத்தது. மற்றதெல்லாம் திரும்பவில்லை. மச்சான் வீட்டுக்கு வந்தான். இரண்டு விரல்கள் மடங்காமலே நின்றுவிட்டன, லாரி ஓட்டமுடியாது என்று காயலான் கடைக்காரன் சொல்லிவிட்டான். அக்கா முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டான். எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டதை அவனாலும் மறக்கமுடியவில்லை. கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து, செம்பு இருப்பதாக எழுதப்பட்டுவிட்டதால் அது கம்பெனிச் சொத்து என்று பின்சுவர் முழுவதையும் பெயர்த்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மழைக்காலம் முழுக்க அந்த வீட்டுக்குப் பின்பக்கம் கோணிதான். கிழவி இருமினாள், பல்லிகளோடு சேர்ந்து. மழை நிற்பதற்குள் இருமலும் நின்றுவிட்டது. கடைசியில் அவள் கேட்டதும் தண்ணீர்தான். தம்ளரைத் தள்ளிவிட்டாள்.

பொறுமை அதற்கப்புறம் கசடு திறந்த அழகைச் சொல்லவேண்டும். ஒரு டீ குடித்துவிட்டு இன்னொரு டீ சொல்லுவான். அதையும் குடித்துவிட்டு உலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். "திறப்பா, உறைஞ்சிரப் போகுது" என்று மேஸ்திரி கெஞ்சுவார். "இறங்கட்டும்" என்பான். "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்." மேலேயிருந்து பார்க்கிற எனக்கு, அவன் காத்திருப்பது செம்புக்காக மட்டும் என்று தோன்றாது.

கம்பெனிக்காரர்கள் சுவரைப் பெயர்த்த அன்று, முற்றத்தில் கிடந்த மற்றப் பாதிக் கல்லை எனக்கு ஞாபகமாகத் தரும்படி அவளிடம் கேட்டேன்.

"வேணாண்ணே, கையைக் கிழிச்சிரும்" என்றாள்.

"கிழிச்சா கிழிக்கட்டும்மா."

"அதுல என்ன இருக்கு? கசடு. வேற ஏதாவது கேளுங்க."

அந்த வீட்டில் வேறு எதுவும் இருக்கவில்லை. அவள் உள்ளே போன சமயம் பார்த்துக் கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு நடந்தேன். வாசலில் எனக்கு எதிரே வந்து நின்றாள். துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வழிவிட்டாள். அதிலிருந்து எந்த நேரம் அந்த வீட்டுக்குப் போனாலும் எனக்கு டீ உண்டு, முதல் கொதியில் இறக்கியது, மற்றவர்களைவிட ஒரு சிட்டிகை சர்க்கரை கூட.

இப்போது பொறுமையும் இல்லை, அவளும் இல்லை. ஆலையும் வேறு ஊருக்குப் போய்விட்டது. நானும் கல்லும் மிச்சம். போன மாதம் லேப் அம்மா என்னைப் பார்க்க வந்திருந்தார். அவருக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. பேசிக்கொண்டே மேசையிலிருந்து கல்லை எடுத்தார், கொண்டை ஊசியால் அந்த மணியைச் சுரண்டினார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு முறை, மாட்டிக்கொண்டு ஒரு முறை பார்த்தார். திரும்ப அதே இடத்தில், முகம் மாறாமல், வைத்தார். "டீ நல்லா இருக்கு" என்றார்.

அந்த மணி பித்தளை.